ஊசிக்காக நின்ற வரிசை: ரெம்டெசிவிர் நமக்குச் சொல்லித் தந்தவை

(குடும்பநல மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





2021 ஏப்ரல், மே மாதங்களை இங்கே அமர்ந்திருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவின் இரண்டாம் அலை. அந்த இரண்டு மாதங்களில் நம் வீடுகளில் அதிகம் பேசப்பட்ட மருந்தின் பெயர் ரெம்டெசிவிர். மருத்துவமனையில் ஒரு சீட்டில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்து, "எங்கேயாவது வாங்கிக்கிட்டு வாங்க" என்றார்கள். ஒருவருக்கு ஆறு குப்பி வேண்டும். முதல் நாள் இரண்டு, அடுத்த நான்கு நாட்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று.

ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அரசே அந்த மருந்தை நேரடியாக விற்க ஆரம்பித்தது. சீட்டும் ஆதார் அட்டையும் கையில் வைத்துக்கொண்டு மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். வெளியூர்களிலிருந்தும் வந்து நின்றார்கள். பிறகு மதுரை, திருச்சி, கோவை, சேலம், திருநெல்வேலி என்று விற்பனை பரவியது. மே மாத நடுவில் சென்னையில் கூட்டம் தாங்காமல் நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். அங்கும் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. கடைசியில் மே 18 முதல் மருத்துவமனைகளே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்த பின்புதான் வரிசை நின்றது.

இத்தனை வருடம் கழித்து இதை ஏன் பேசுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், இன்னும் மனம் ஆறாத வீடுகள். எங்கள் குழுவினர் வீடு வீடாகச் செல்லும்போது ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "பாய், அன்னைக்கு எப்படியாவது அந்த ஊசிய வாங்கியிருந்தா அத்தா இன்னைக்கு இருந்திருப்பாங்க இல்ல?" கேட்பவர் மகனாக இருப்பார், மருமகனாக இருப்பார். வரிசையில் நின்றும் கிடைக்காமல் திரும்பியவர். பணம் புரட்ட முடியாமல் போனவர். இவர்களுக்கு ஆறுதல் சொல்வதோடு நிறுத்திவிடாமல், அந்த மருந்தைப் பற்றிய உண்மையையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம்.

இரண்டாவது காரணம், எங்களுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்கள். புற்றுநோய், கல்லீரல், சிறுநீரகம் என்று எந்த நோயாக இருந்தாலும், "புது மருந்து ஒன்று வந்திருக்காம், ஆராய்ச்சியில் இருக்காம், அதைப் போட்டால் பிழைத்துவிடுவாராம்" என்று எழுதி வருகிறார்கள். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, அதற்குப் பின் எங்களிடம் வருகிறார்கள். புது மருந்து என்றால் என்ன, பரிசோதனையில் இருக்கும் மருந்து என்றால் என்ன என்று எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்திருந்தால் பல வீடுகள் கடனில் விழாமல் தப்பும். அதைப் புரிந்துகொள்ள ரெம்டெசிவிரை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

கிருமியின் கையில் இருக்கும் எந்திரம்

வைரஸ் தானாகப் பெருகாது. நம் உடலின் செல்லுக்குள் நுழைந்து, தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் நகல் எடுக்க வேண்டும். அந்த நகல் வேலைக்கு அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. நொதி என்றால் உடலுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து முடிக்கும் புரதம். வைரஸின் நகல் நொதிக்கு பாலிமரேஸ் என்று பெயர்.

பாசிமணி கோர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கொரோனா வைரஸின் மரபுச் சரத்தில் ஏறக்குறைய 30,000 மணிகள். நான்கே வகை மணிகள், ஆனால் வரிசை மாறக்கூடாது. பழைய சரத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிய சரத்தைக் கோர்ப்பதுதான் பாலிமரேஸின் வேலை.

ரெம்டெசிவிர் உடலுக்குள் போனதும் செல்லுக்குள் நுழைந்து, அந்த நான்கு வகை மணிகளில் ஒன்றைப் போலவே உருமாறுகிறது. பாலிமரேஸ் ஏமாந்து அதை எடுத்துக் கோர்த்துவிடுகிறது. அதற்குப் பின் மூன்று மணிகள் வரை கோர்க்க முடிகிறது. பிறகு சிக்கிக்கொள்கிறது. சரம் பாதியில் நின்றுபோகிறது. நகல் எடுக்க முடியாவிட்டால் வைரஸ் பெருக முடியாது.

கேட்பதற்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது ஒன்று, மூச்சு வாங்கும் ஒரு மனிதரின் உடலில் நடப்பது வேறொன்று. நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்கத்தான் மருத்துவப் பரிசோதனைகள் இருக்கின்றன.

ஒரு நோய்க்குப் பிறந்து இன்னொரு நோய்க்குப் போன மருந்து

ரெம்டெசிவிர் கொரோனாவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே அல்ல. அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் 2009-இல் ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் வைரஸுக்கும், குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் தரும் ஒரு வைரஸுக்கும் மருந்து தேடியபோது தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அப்போது அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஜி.எஸ்-5734 என்ற எண் மட்டும்தான். அந்த நோய்களுக்கு அது மருந்தாக வரவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது அந்த எண் மறுபடி வெளியே வந்தது. எபோலா தொற்றிய குரங்குகளுக்குக் கொடுத்தார்கள், அவை பிழைத்தன. 2015 கடைசியில் கினி நாட்டில் எபோலாவோடு பிறந்த ஒரு பெண் குழந்தைக்கும் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது. உலகமே மகிழ்ந்தது. ஆனால் அந்தக் குழந்தைக்கு வேறு பரிசோதனைச் சிகிச்சைகளும் சேர்த்தே கொடுக்கப்பட்டிருந்தன. எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். "பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு இந்த ஊசி போட்டாங்க, பிழைச்சிட்டாரு" என்று நாம் சொல்வதும் இதே போலத்தான். அவர் அந்த ஊசியால் பிழைத்தாரா, வேறு சிகிச்சையால் பிழைத்தாரா, ஊசியே போடாவிட்டாலும் பிழைத்திருப்பாரா? ஒருவரை வைத்து இதைச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கானவர்களை இரு பிரிவாக்கி, யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, இரு பக்கமும் எண்ணிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

2018 நவம்பரில் காங்கோ ஜனநாயகக் குடியரசில் அப்படி ஒரு பரிசோதனை தொடங்கியது. சுற்றிலும் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த பகுதி அது. அந்நாட்டின் மூத்த மருத்துவ அறிஞர் ழான்-ழாக் முயெம்பே முன்னின்று நடத்தினார். எபோலா நோயாளிகள் 681 பேரை நான்கு பிரிவாக்கி, நான்கு விதமான மருந்துகள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று ரெம்டெசிவிர். 2019 ஆகஸ்டில் நடுவில் எண்ணிப் பார்த்தபோது வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 100க்கு 53 பேர் இறந்திருந்தார்கள். இரண்டு எதிர்ப்புப் புரத மருந்துகளைப் பெற்றவர்களில் 100க்கு 35 பேருக்குள்தான் இறந்திருந்தார்கள். உடனே ரெம்டெசிவிர் கொடுப்பதை நிறுத்தி, எல்லோருக்கும் அந்த இரண்டு மருந்துகளையே கொடுக்க முடிவு செய்தார்கள்.

குரங்குகளைக் காப்பாற்றிய மருந்து, குழந்தைக்குக் கொடுத்து நம்பிக்கை தந்த மருந்து, மனிதர்களிடம் எண்ணிப் பார்த்தபோது பின்தங்கிவிட்டது. எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் அதையே தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கொரோனாவில் எண்ணிப் பார்த்தபோது

சில மாதங்களில் கொரோனா வந்தது. கையில் மருந்தே இல்லாத நேரம். ஏற்கெனவே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து, கொரோனா வைரஸின் பாலிமரேஸையும் சிக்கவைக்கிறது என்பதால் எல்லோர் பார்வையும் ரெம்டெசிவிர் மேல் விழுந்தது.

அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் 1,062 பேரிடம் நடத்திய பரிசோதனையில், மருந்து பெற்றவர்கள் சராசரியாக 10 நாளில் குணமானார்கள், பெறாதவர்கள் 15 நாளில் குணமானார்கள். இந்த நல்ல செய்தியின் முதல் தகவல் 2020 ஏப்ரல் 29 அன்று வெளிவந்தது. இரண்டே நாளில், மே 1 அன்று, அமெரிக்காவில் அவசரகால அனுமதி கிடைத்தது. ஜூன் மாதம் இந்தியாவிலும் அவசரகாலக் கட்டுப்பாட்டோடு அனுமதி தந்தார்கள். நம் நாட்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தன.

ஆனால் ஐந்து நாள் முன்னதாகக் குணமாவது வேறு, உயிர் பிழைப்பது வேறு. அந்தப் பரிசோதனையில் இறப்புகள் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு இன்னும் பெரிய எண்ணிக்கை தேவைப்பட்டது. அதை உலக சுகாதார நிறுவனம் செய்தது. 30 நாடுகளில் 405 மருத்துவமனைகள், அவற்றில் இந்தியாவும் உண்டு. 2020 அக்டோபரில் முடிவு வந்தது. ரெம்டெசிவிர் பெற்ற 2,743 பேரில் 301 பேர் இறந்தார்கள். பெறாத 2,708 பேரில் 303 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் 100க்கு 11 பேர்.

அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று, மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கீழ்ப்பாக்கத்தில் வரிசை நின்றது அதற்கு ஐந்து மாதம் கழித்து.

ஆய்வு அதோடு நிற்கவில்லை. 2022-இல் 8,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு வந்தது. வெண்டிலேட்டர் வரை போனவர்களுக்குப் பலன் இல்லை என்பது உறுதியானது. ஆக்சிஜன் தேவைப்பட்டு வெண்டிலேட்டர் வைக்காதவர்களுக்குச் சிறிய பலன் தெரிந்தது. 100க்கு 16.3 என்றிருந்த இறப்பு 14.6 ஆனது. இதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரையைத் திருத்திக்கொண்டது. புதிய கணக்கு வந்தால் பழைய பேச்சை மாற்றிக்கொள்வதுதான் நேர்மையான மருத்துவம். "நேற்று ஒன்று சொன்னாங்க, இன்னைக்கு ஒன்று சொல்றாங்க" என்று நாம் சலித்துக்கொள்வதில் நியாயமில்லை.

நேரம் தவறினால்

நொதியைச் சிக்கவைக்கும் மருந்து ஏன் இவ்வளவு குறைவாக உதவியது? கொரோனாவில் வைரஸ் வேகமாக நகல் எடுப்பது முதல் சில நாட்களில். சளி, காய்ச்சல், உடம்பு வலி என்று வீட்டில் படுத்திருக்கும் நாட்கள் அவை. மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போவது பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து. அப்போது நுரையீரலைத் தாக்குவது வைரஸ் மட்டுமல்ல, வைரஸை எதிர்க்கக் கிளம்பி அளவுக்கு மீறிப்போன நம் உடலின் அழற்சியும்தான். தீ வைத்தவனைப் பிடித்துக் கட்டினாலும் பற்றி எரியும் கூரை அணையாது.

இதை உறுதிப்படுத்தும் இன்னொரு பரிசோதனையும் உண்டு. தடுப்பூசி போடாத, சர்க்கரை நோய் போன்ற ஆபத்துகள் உள்ள 562 பேருக்கு, அறிகுறி தொடங்கிய ஏழு நாட்களுக்குள், மருத்துவமனையில் சேரும் முன்பே மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 279 பேரில் 2 பேருக்கு மட்டுமே நிலைமை முற்றியது. பெறாத 283 பேரில் 15 பேருக்கு முற்றியது. அதே மருந்து, அதே நொதி. மாறியது நேரம் மட்டும்தான்.

அழற்சியைக் கட்டுப்படுத்த உதவிய மருந்து எது தெரியுமா? டெக்சாமெத்தசோன். பல பத்தாண்டுகளாக எல்லா மருந்துக் கடையிலும் இருக்கும் ஸ்டீராய்டு. சில ரூபாய்தான் விலை. பிரிட்டனில் 2020 ஜூனில் வந்த முடிவின்படி, வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலும் வரலாம். இதற்கு யாரும் இரவெல்லாம் வரிசையில் நிற்கவில்லை. எளிதில் கிடைப்பதை நாம் மதிப்பதில்லை, கிடைக்காததுதான் உயிர் காக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்தவர்களும் இருந்தார்கள். 2021 ஏப்ரலில் மத்திய அரசு தலையிட்ட பிறகு ஒரு குப்பியின் விலை, நிறுவனத்தைப் பொறுத்து 899 முதல் 3,490 ரூபாய் வரைதான். கள்ளச்சந்தையில் அதைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். குஜராத்தில் குளுக்கோஸையும் உப்பையும் குப்பியில் அடைத்து ரெம்டெசிவிர் என்று விற்ற கூட்டத்தைப் போலீஸ் பிடித்தது.

மனம் ஆறாத வீடுகளுக்கு

இப்போது அந்த மகனின் கேள்விக்கு வருவோம். ஊசி கிடைத்திருந்தால் அத்தா இருந்திருப்பாரா?

ஒரு தனி மனிதரைப் பற்றி உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் எண்ணிக்கை சொல்வது இதுதான். மருத்துவமனையில் ஆக்சிஜனோடு இருந்தவர்களில் நூறு பேருக்கு அந்த ஊசியால் ஏற்பட்ட வித்தியாசம் ஒருவர் அல்லது இருவர். வெண்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசமும் இல்லை. நீங்கள் வரிசையில் கடைசியில் நின்றதாலோ, கையில் பணம் குறைவாக இருந்ததாலோ உங்கள் அத்தா போய்விடவில்லை. ஊசி கிடைத்த வீடுகளிலும் மய்யித்து போனது. கிடைக்காத வீடுகளிலும் பிழைத்து வந்தார்கள்.

நீங்கள் அன்றைக்குச் செய்ய முடிந்ததைச் செய்தீர்கள். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு இருக்காதீர்கள். வீட்டில் உம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். தம்பி பணம் அனுப்பத் தாமதித்தான், மருமகன் சரியாக அலையவில்லை என்று அன்று முதல் பேசாமல் இருக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அந்தப் பேச்சு வார்த்தையைத் திரும்பத் தொடங்க இன்று ஒரு நல்ல நாள்.

புது மருந்து என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும்

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் புது மருந்துகளே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ரெம்டெசிவிர் எந்த நோய்க்கான ஆராய்ச்சியில் பிறந்ததோ, அந்த ஹெபடைட்டிஸ் சி வைரஸின் பாலிமரேஸைத் தடுக்கும் இன்னொரு மருந்து சோஃபோஸ்புவிர். 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ஏறக்குறைய 12 வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வைரஸ் அடியோடு போய்விடுகிறது. நம் நாட்டில் 2018 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இதற்கு இலவசச் சிகிச்சை தருகிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பல வருடங்களுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மறுபக்கமும் உண்டு. 1993-இல் அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ் பி-க்கு ஃபியாலுரிடின் என்ற மருந்தை 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் பாலிமரேஸை ஏமாற்றும் வகைதான். முதல் சில வாரங்கள் நன்றாகவே போனது. பிறகு ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையால் பிழைத்தார்கள். பரிசோதனை மருந்து என்றால் பலனும் முழுமையாகத் தெரியாது, ஆபத்தும் முழுமையாகத் தெரியாது. அதனால்தான் சட்டம் நோயாளிக்குப் பாதுகாப்பு தந்திருக்கிறது.

உங்கள் வீட்டு நோயாளிக்குப் புது மருந்து ஒன்றைச் சொன்னால், மருத்துவரிடம் மரியாதையாக, ஆனால் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது: இது அனுமதி பெற்ற மருந்தா, அவசரகால அனுமதி மட்டும் பெற்றதா, இன்னும் பரிசோதனையில் இருப்பதா? மூன்றும் வேறு வேறு.

இரண்டாவது: இது உயிரைக் காக்கும் என்று காட்டப்பட்டிருக்கிறதா, நோயின் நாட்களைக் குறைக்குமா, அல்லது பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் மாற்றுமா? நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்கு வித்தியாசம்?

மூன்றாவது: நோயின் இந்தக் கட்டத்தில், இந்த நாளில் கொடுத்தால் பலன் உண்டா? நேரம் கடந்துவிட்டதா?

நான்காவது: இது இல்லாவிட்டால் என்ன சிகிச்சை? அதன் பலன் என்ன?

பரிசோதனையில் சேரச் சொன்னால் இன்னும் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று குடும்பத்தோடு படித்துப் பார்த்துக் கையெழுத்திட அவகாசம் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு இருக்க வேண்டும், அதன் எண்ணைக் கேட்டு வாங்கலாம். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்கக்கூடாது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும், சட்டப்படியான இழப்பீடும் உண்டு.

"பரிசோதனை மருந்து, ஆனால் இத்தனை லட்சம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், கட்டுவதற்கு முன் எங்களிடம் வாருங்கள்.

பரிசோதனையில் சேர்பவர்களை நாம் ஏளனமாகப் பார்க்கவும் வேண்டாம். காங்கோவின் அந்த 681 பேர் சம்மதித்ததால்தான் இன்று எபோலாவுக்கு எந்த மருந்து என்று உலகத்துக்குத் தெரியும். விவரம் முழுவதும் அறிந்து, தானாக முன்வந்து சேர்ந்தால் அது பிறருக்குச் செய்யும் பெரிய உதவி. விவரம் தெரியாமலோ, வேறு வழியில்லை என்ற கட்டாயத்திலோ சேரக்கூடாது என்பதே நாங்கள் சொல்வது.

நம் நிதி, நம் பொறுப்பு

கடைசியாக, உதவி மனுக்களைப் பற்றி. எங்கள் கையில் இருக்கும் பணம் உங்கள் ஜகாத்தும் ஸதகாவும். அது எங்களிடம் உள்ள அமானிதம். அதனால் விலை அதிகமான மருந்துக்கு மனு வரும்போது நாங்கள் சில கேள்விகள் கேட்கிறோம். மருத்துவரின் சீட்டோடு நோயின் கட்டம், மருந்தின் அனுமதி நிலை, எதிர்பார்க்கும் பலன் ஆகியவற்றை எழுதி வாங்கி வரச் சொல்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ அரசு மருத்துவமனையிலோ அதே சிகிச்சை கிடைக்குமா என்று பார்க்கிறோம். இது உங்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல. ஒரு வீட்டுக்குப் பலன் தராத மருந்துக்குப் போகும் பணம், இன்னொரு வீட்டின் டயாலிசிஸுக்கோ, ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கோ போகவேண்டிய பணம்.

ஆகவே நகையை அடகு வைக்கும் முன் வாருங்கள், வட்டிக்கு வாங்கும் முன் வாருங்கள். ஒருநாள் அவகாசம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சீட்டைப் படிப்போம், தேவையானால் இன்னொரு மருத்துவரிடம் உங்களோடு வருவோம். பலன் தரும் மருந்து என்றால், இன்ஷா அல்லாஹ், நிதி திரட்டும் பொறுப்பில் உங்களோடு நாங்களும் நிற்போம். பலன் இல்லை என்றால் அதையும் முகம் பார்த்துச் சொல்வோம். அப்போது செய்ய வேண்டியது, நோயாளியின் வலி குறையவும் அவர் நிம்மதியாக இருக்கவும் வழி செய்வது. அதற்கும் எங்கள் உதவி உண்டு.

இன்று கேட்டதை வீட்டில் வராதவர்களுக்கும் சொல்லுங்கள். கேள்விப் பட்டியலைத் தனித்தாளாக அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறோம். ஆளுக்கொன்று எடுத்துச் சென்று, மருத்துவச் சீட்டுகள் வைக்கும் கோப்பில் போட்டு வையுங்கள். அவசர நேரத்தில் தேட வேண்டியிருக்காது.